குளிர்கால டயருக்கு எப்போது மாறுவது? சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஓட்டுநர்களுக்கு ஒரு விளக்கம்

ஆண்டு இறுதி விடுமுறைக்கு ஹொக்கைடோவிலோ சுவிட்சர்லாந்திலோ வாடகைக் கார் எடுக்க நினைக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்கள், முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரியைப் பார்த்ததும் திகைத்து நிற்பதுண்டு: 'குளிர்கால டயர் வேண்டுமா?' ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் முதல் குளிர்காலத்தில் இதே குழப்பம்தான். விசாரித்தால் நான்கு பதில் வரும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் மாற்று என்பார் ஒருவர். அக்டோபரில் மாட்டி ஈஸ்டரில் கழற்று என்பார் இன்னொருவர். டிசம்பர் 1 சட்டப்படி கடைசி நாள் என்பார் மூன்றாமவர். பனி விழட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார் நான்காமவர்.

இவற்றில் முதல் மூன்றும் அதனதன் இடத்தில் சரியானவை. முதலாவது ரப்பரைப் பற்றியது, இரண்டாவது ஒரு ஊரின் பருவத்தைப் பற்றியது, மூன்றாவது அபராதத்தைப் பற்றியது. நான்காவது மட்டும் ஆபத்தானது. ஏன் அப்படி என்று புரிய, டயர் சாலையை எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## ரப்பரும் குளிரும்

சாலை பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள். காரின் எடை அழுத்தும்போது டயரின் ரப்பர் நெகிழ்ந்து அந்தப் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. பிரேக் போடும்போது சக்கரம் வழுக்காமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த நெகிழ்வுதான். ரப்பர் விறைத்துப்போனால் அது மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும், பிடிப்பு குறையும்.

எந்த ரப்பர் கலவையும் குளிர் ஏற ஏற விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குக் கீழே கண்ணாடி போல இறுகிவிடும். அந்தக் கடைசிக் கட்டம் பூஜ்ஜியத்துக்குக் கீழே வெகு தொலைவில் இருந்தாலும், இறுகத் தொடங்குவது அதற்கு நெடுநேரம் முன்பே. கோடைக்கால டயரின் கலவை வெப்பத்தைத் தாங்குவதற்காகச் சற்றுக் கெட்டியாகவே செய்யப்படுகிறது. அதனால் குளிரில் அது சீக்கிரம் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கலக்கும் விதம் வேறு. பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் அது மென்மையாக இருக்கும்.

கலவை பாதிக் கதைதான். மீதி, டயரின் வடிவத்தில் இருக்கிறது.

பனி படிந்த சாலையில் குளிர்கால டயரின் அகலமான பள்ளங்கள் பனியை வாரிக்கொள்கின்றன. பள்ளத்துக்குள் இறுகிய பனி தரையிலுள்ள பனியோடு ஒட்டிக்கொண்டு பிடிப்பைத் தருகிறது. பனியின் மேல் பனி நன்றாகப் பிடிக்கும்; பனியின் மேல் வழுவழுப்பான ரப்பர் பிடிக்காது. குளிர்கால டயரின் பள்ளத்தில் பனி அப்பியிருப்பதைப் பார்த்து அதைத் தட்டிவிட வேண்டுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அதன் வேலையே அதுதான்.

உறைந்த ஐஸ் வேறு வகைச் சிக்கல். ஐஸின் மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, வழுக்குவது அதனால்தான். குளிர்கால டயரில் பள்ளங்களுக்கு இடையே உள்ள ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை அந்த நீரை விலக்கி, தம் விளிம்புகளால் ஐஸைப் பற்றுகின்றன. இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம்: மைனஸ் 15 டிகிரி ஐஸைவிட பூஜ்ஜியத்தை ஒட்டிய ஐஸ்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் அப்போது நீர்ப்படலம் தடிமனாகிறது. நடுக்குளிர்காலத்தைவிட அதன் தொடக்கமும் முடிவும் ஓட்டுநரை அதிகம் ஏமாற்றுவதற்கு இது ஒரு காரணம்.

குளிர்காலத்துக்கென்றே தனி டயர் என்ற எண்ணம் புதிதல்ல. பின்லாந்தில் இன்று நோக்கியான் என்று அறியப்படும் நிறுவனம் 1934-லேயே லாரிகளுக்கு அப்படியொரு டயரைச் செய்தது. ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே பனிப் பகுதிகளில் ஆணி பதித்த டயர்களே வழக்கத்தில் இருந்தன. அந்த ஆணிகள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசு நகரங்களில் சுகாதாரப் பிரச்சினையாகவே ஆனது. 1990-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். ஆணி இல்லாமலே ஐஸைப் பிடிக்கும் 'ஸ்டட்லெஸ்' டயர்கள் அங்கே இவ்வளவு முன்னேறியதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. ஹொக்கைடோவில் வாடகைக் கார் எடுக்கும்போது காதில் விழும் 'ஸ்டட்லெஸ்' என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது.

## டயரின் பக்கச்சுவரில் என்ன பார்க்க வேண்டும்

இரண்டு அடையாளங்கள் போதும்.

1. எம்+எஸ்: சேறும் பனியும் என்பதன் சுருக்கம். இது தயாரிப்பாளர் தானாகவே போட்டுக்கொள்ளும் எழுத்து. எந்தச் சோதனையிலும் தேற வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை.

2. மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும்: இந்தச் சின்னம் வேண்டுமென்றால் டயர் பனித் தரையில் நடக்கும் சோதனையில் தேற வேண்டும்.

ஜெர்மனி இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2018 முதல் தயாரான குளிர்கால டயர்களில் பனிப்பூச் சின்னம் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முந்தைய எம்+எஸ் டயர்களுக்குக் கொடுத்திருந்த அவகாசமும் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அங்கே பழைய கார் வாங்கும் நம் பிள்ளைகள், டிக்கியில் 'குளிர்கால டயர் ஒரு செட் இலவசம்' என்று விற்பவர் சொன்னால் பக்கச்சுவரைக் குனிந்து பார்ப்பது நல்லது.

பனிப்பூச் சின்னம் பனிக்கான சான்று, ஐஸுக்கானது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் ஐஸ் பிடிப்புக்கென்று தனிச் சின்னம் 2021 மே மாதத்திலிருந்துதான் இடம்பெறுகிறது.

எல்லாப் பருவ டயர் என்று ஒரு வகை இருக்கிறதே, அது போதாதா? லண்டன், ஆம்ஸ்டர்டாம் போன்று குளிர் மிதமான, பனி அபூர்வமான ஊர்களில் பனிப்பூச் சின்னமுள்ள எல்லாப் பருவ டயர் நியாயமான தேர்வு. மியூனிக்கிலிருந்து வார இறுதிகளில் ஆல்ப்ஸ் மலைக்கு ஏறுபவருக்கும் மாண்ட்ரியலில் வசிப்பவருக்கும் அது போதாது.

## 7 டிகிரி: சரியாகப் புரிந்துகொண்டால் நல்ல விதி

7 டிகிரியில் கோடை டயர் திடீரென்று பயனற்றுப் போய்விடுவதில்லை. காய்ந்த சாலையில் 5 டிகிரியிலும் ஒரு நல்ல கோடை டயர், குளிர்கால டயருக்கு இணையாகவோ அதைவிடக் குறைந்த தூரத்திலோ நிற்கக்கூடும். இதைக் காட்டி 'ஏழு டிகிரி எல்லாம் டயர் விற்பவர்களின் தந்திரம்' என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் உண்மை சரி, எடுக்கும் முடிவு தவறு. அதிகாலை 7 டிகிரிக்கு இறங்கும் பருவம் வந்துவிட்டால், பூஜ்ஜியத்தைத் தொடும் இரவு சில நாள் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் இந்த எண்.

அதைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. வண்டி ஓடும் நேரத்தின் குறைந்த வெப்பநிலையைப் பாருங்கள். கைப்பேசி காட்டும் 'இன்று 10 டிகிரி' என்பது பிற்பகலுக்கான எண். காலை ஆறரை மணிக்கு வேலைக்குக் கிளம்புபவருக்கு அந்த எண் பயன்படாது.

2. பாதையின் உயரமான இடத்தைக் கணக்கில் எடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சப்போரோவிலிருந்து நிசெகோவுக்குப் போகும் பலர் நகாயாமா கணவாய் வழியாகப் போகிறார்கள். அதன் உயரம் 835 மீட்டர். நகரத்தில் 5 டிகிரி என்றால் கணவாயில் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளலாம். நகரத்தில் மழை பெய்தால் மேலே அது பனி.

3. பாலங்களும் நிழல் விழும் வளைவுகளும் முதலில் உறையும். தரைக்குள் தேங்கியிருக்கும் வெப்பம் பாலத்துக்குக் கிடைப்பதில்லை. காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே பாலத்தின் மேற்பரப்பு உறைந்திருக்கலாம். ஈரம் போலத் தெரியும் அந்தக் கறுப்பு ஐஸ்தான் மிக மோசமானது.

4. ஒரு நாளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் அதிகாலைகள் தொடர்ந்து 7-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நேரம் வந்துவிட்டது.

5. முதல் பனிக்கு முந்திக்கொள்ளுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் அந்த ஊரின் டயர் கடைகள் அனைத்திலும் கூட்டம் நிற்கும். முறை கிடைக்கும் வரை கோடை டயரிலேயே ஓட்ட நேரும். ஆண்டிலேயே ஆபத்தான சில நாட்களில் தவறான டயரோடு சாலையில் இருப்பீர்கள்.

இரண்டு வாரம் முன்னதாக மாற்றினால் நஷ்டம் கொஞ்சம் ரப்பர் தேய்மானம். ஒரு நாள் தாமதித்தால் இழப்பு எதுவாகவும் இருக்கலாம். முடிவெடுக்க முடியாமல் திணறினால் இந்த ஒப்பீடு போதும் என்பது என் கருத்து. பனி விழட்டும் என்று காத்திருப்பவர் இந்தப் பந்தயத்தைத் தவறான பக்கத்தில் கட்டுகிறார்.

ஜெர்மானியர்கள் சொல்லும் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்ற வழக்கு, அந்த நாட்டின் தட்பவெப்பத்துக்கு இதே கணக்கைச் சுருக்கிச் சொல்வது. வேறு ஊருக்கு அதை அப்படியே எடுத்துப் போக முடியாது. சப்போரோவில் முதல் பனி சராசரியாக நவம்பர் தொடக்கத்தில் விழுகிறது, மலைக் கணவாய்களில் அக்டோபரிலேயே விழுவதுண்டு.

கழற்றும் நேரத்திலும் அவசரம் கூடாது. மார்ச் மாத வெயில் ஆளை நம்ப வைத்துவிடும். பகலில் உருகும் பனி சாலையில் வழிந்து இரவில் மீண்டும் உறைகிறது. காலைக் குளிர் 7 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு கழற்றினால் போதும்.

## சட்டம் என்ன சொல்கிறது

நாடுகள் இதை இரண்டு விதமாகப் பார்க்கின்றன. சில இடங்களில் தேதிதான் சட்டம். சில இடங்களில் சாலையின் நிலைதான் சட்டம்.

கனடாவின் கியூபெக் தேதிப்படி நடப்பது: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடுகிறது. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை; ஆனால் குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் சலுகை தர வேண்டும் என்று விதி உண்டு. ஒரே நாட்டில் மூன்று மாநிலத்துக்கு மூன்று விதி.

ஜெர்மனியில் தேதியே கிடையாது. சாலையில் ஐஸ், இறுகிய பனி, பனிச்சேறு, உறைபனிப் படலம் என்று எது இருந்தாலும் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. அது ஜூனில் நடந்தாலும் விதி அதுதான். மீறினால் அபராதம் 60 யூரோவில் தொடங்கும், உரிமத்தில் ஒரு புள்ளியும் சேரும். ஓட்டியவர் பொறுப்பு என்பதை வாடகைக் கார் எடுப்பவர்கள் மறக்கக் கூடாது. ஆஸ்திரியா இரண்டையும் கலக்கிறது: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, குளிர்காலச் சாலை நிலை இருந்தால். அங்கே பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைக் குளிர்கால டயராகவே ஏற்கமாட்டார்கள். பிரான்சின் மலைப் பகுதிகளில் 2021-லிருந்து நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ, டயரின் மேல் மாட்டும் பனிச்சங்கிலியோ தேவை. சுவிட்சர்லாந்தில் பொதுவான கட்டாயம் இல்லை, பிரிட்டனிலும் இல்லை.

ஜப்பானில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விதி வைத்திருக்கிறது. பனியோ ஐஸோ உள்ள சாலையில் சாதாரண டயரோடு ஓட்டுவது ஒக்கினாவா தவிர மற்ற எல்லா இடத்திலும் விதிமீறல்.

தேதி வைத்த சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 என்பது கடைசி நாள், சிறந்த நாள் அல்ல. பனி அதற்கு முன்பே விழும். சட்டத் தேதி வரை காத்திருப்பது அபராதத்திலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான்.

## நம் விடுமுறை நாட்காட்டியும் அவர்களுடைய பருவமும்

சிங்கப்பூரின் பள்ளி விடுமுறைகளை உலகின் பருவங்களோடு வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நாம் குடும்பத்தோடு பயணம் போகும் நாட்கள் பெரும்பாலும் டயர் மாற்றும் நாட்களையே ஒட்டி வருகின்றன.

தீபாவளியை ஒட்டி ஐரோப்பா போனால் அங்கே மாற்றும் பருவம் நடந்துகொண்டிருக்கும். நவம்பர் இறுதியில் தொடங்கும் நீண்ட விடுமுறையில் ஹொக்கைடோ, கொரியா, ஆல்ப்ஸ் எல்லாம் முழுக் குளிரில் இருக்கும். மார்ச் நடுவில் வரும் ஒரு வார விடுமுறை, பகலில் உருகி இரவில் உறையும் காலம்.

ஜூன் விடுமுறைதான் அதிகம் பேர் தவறவிடுவது. ஜூன் என்றால் கோடை என்று மனத்தில் பதிந்திருக்கிறது. நியூசிலாந்தின் தென்தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைகளுக்கும் அப்போதுதான் குளிர்காலம். குவீன்ஸ்டவுனிலிருந்து வனாகா போகும் கிரவுன் ரேஞ்ச் சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. மில்ஃபோர்டு சவுண்ட் போகும் சாலையில் மே முதல் நவம்பர் வரை, அறிவிப்புப் பலகை சொன்னால் வண்டியில் பனிச்சங்கிலி இருந்தே ஆக வேண்டும். விக்டோரியாவில் ஹோத்தம் மலை போன்ற பனி விளையாட்டு இடங்களுக்கும் சங்கிலியோடுதான் போக வேண்டும். இங்கெல்லாம் வாடகைக் கார்கள் பெரும்பாலும் சாதாரண டயரோடு வரும், சங்கிலியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சங்கிலி மாட்டினால் வேகம் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மாட்டும் விதத்தைப் பகல் வெளிச்சத்தில், சமதரையில், கிளம்பும் முன்பே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். இருட்டில் மலையோரம் கை விறைக்கக் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை அது.

கேமரன் மலைக்கும் கெந்திங்கிற்கும் இது எதுவும் தேவையா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லை. அந்தக் குளிர் நமக்குத்தான் குளிர், டயருக்கு இல்லை.

## வாடகைக் கார் எடுக்கும்போது

முன்பதிவிலேயே எழுத்தில் கேட்டுவைக்க வேண்டியவை:

1. குளிர்கால டயர் நான்கு சக்கரத்திலும் இருக்கிறதா? முன்னால் மட்டும் போட்டால் பிரேக் போடும்போதும் வளைவிலும் பின்பக்கம் வழுக்கிக் கார் சுழன்றுவிடும்.

2. வாடகையில் சேர்ந்ததா, தனிக் கட்டணமா? ஜெர்மனியில் தனிக் கட்டணம் கேட்பதுண்டு. சாலையில் பனி இருந்தால் சட்டப்படி தேவையான பொருளுக்கு ஏன் கூடுதல் காசு என்று கோபம் வரலாம், காசைக் கொடுத்துவிடுங்கள்.

3. கார் எடுக்கும் ஊர் எது, ஓட்டப் போகும் ஊர் எது? ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் ஸ்டட்லெஸ் டயர் வழக்கமாகவே வரும். தோக்கியோவில் எடுத்தால் அப்படியில்லை. தோக்கியோவில் கார் எடுத்து ஹகுபாவுக்கோ யுசாவாவுக்கோ பனி பார்க்கப் போகிறவர்கள் இதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

4. பாதையில் சங்கிலி கட்டாயமாகும் பகுதி இருக்கிறதா? ஜப்பானில் 2018 டிசம்பரில் 13 சாலைப் பகுதிகளுக்கு ஒரு விதி வந்தது. மிகக் கடும் பனியின்போது அங்கே ஸ்டட்லெஸ் இருந்தாலும் சங்கிலி வேண்டும்.

ஜப்பானில் ஓட்ட, சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் தேவை.

## டயரால் முடியாதது

எளிய இயற்பியல் கணக்கு ஒன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் கார் நிற்க ஆகும் தூரம், டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. காய்ந்த சாலையில் அது சுமார் 0.8, நிற்கும் தூரம் 12 மீட்டர். இறுகிய பனியில் 0.2 என்று வைத்துக்கொண்டால் 49 மீட்டர். ஐஸில் 0.1 என்றால் 98 மீட்டர். ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை.

குளிர்கால டயர் இந்த எண்களைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் பனிச்சாலையைத் தெம்பனிஸ் அவென்யூவாக மாற்றிவிடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது கிளம்பவும் மேடு ஏறவும் உதவும். நிறுத்துவதற்கு உதவாது, ஏனென்றால் எல்லாக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான்.

வேகத்தை 50-லிருந்து 30-ஆகக் குறைத்தால், அதே ஐஸில் 98 மீட்டர் 35 மீட்டராகிவிடுகிறது. எந்த டயரும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தர முடியாது. ஐஸில் ஒருமுறைகூட ஓட்டாதவர், குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முதல் முறையாக மலைக் கணவாயில் பழக வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். நியூ சிடோசே விமான நிலையத்திலிருந்து சப்போரோவுக்கு ரயில் இருக்கிறது, நிசெகோவுக்குப் பேருந்து இருக்கிறது.

## அங்கேயே வசிப்பவர்களுக்கு

டயரை மாற்றிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். புது டயரின் மேற்பூச்சு போக முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டவும். காற்றழுத்தம் குளிரில் தானாகவே இறங்கும்: 30 டிகிரியில் அடைத்த காற்று பூஜ்ஜியத்தில் சுமார் 0.3 பார் குறைந்திருக்கும். வெதுவெதுப்பான காராஜில் சரிபார்த்த அளவை வெளியில் நம்ப வேண்டாம். கழற்றிய செட்டை வைக்க இடமில்லாத அடுக்குமாடிவாசிகளுக்காக, பருவம் முழுதும் டயரைப் பத்திரப்படுத்தித் தரும் சேவையைப் பல கடைகள் நடத்துகின்றன.

## சரி, சிங்கப்பூரில் ஓடும் நம் கார்?

இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி, 1989 பிப்ரவரியில் பாயா லேபாரில். 7 டிகிரி நமக்கு வரப்போவதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று பனிப்பூச் சின்னமுள்ள டயரை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நண்பகலில் 50 டிகிரியைத் தாண்டும் தார்ச்சாலையில் அதன் மென்மையான ரப்பர் நெளியும், வேகமாகத் தேயும், நிற்கும் தூரமும் நீளும்.

ஆனால் டயரை எப்போது மாற்றுவது என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. இங்கே அதைத் தீர்மானிப்பது மழை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. வடகிழக்குப் பருவமழையின்போது தீவு விரைவுச்சாலையில் முன்னால் போகும் வண்டியே தெரியாத அளவுக்குக் கொட்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர். பள்ளங்களுக்குள்ளே குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டுகின்றன. கட்டை தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் டயர் மொட்டை என்று அர்த்தம். நனைந்த சாலையில் அதற்கு வெகு முன்பே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும். 3 மில்லிமீட்டரை எட்டியதும், அதுவும் அக்டோபர், நவம்பரில் எட்டினால், மாற்றிவிடுவதே நல்லது.

நீர் நிறைந்த சாலையில் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கும் ஆபத்து இருக்கிறது. நாசா விமானச் சக்கரங்களுக்காக ஆராய்ந்து கண்ட ஒரு சூத்திரம் காருக்கும் தோராயமாகப் பொருந்தும்: மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 220 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். காற்று இறங்கி 180 ஆகிவிட்டால் சுமார் 85. பள்ளத்தால் வெளியேற்ற முடியாத அளவு நீர் தேங்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு. மொட்டை டயருக்கு அந்த நிலை சீக்கிரம் வரும். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு 90. காற்றுச் சரியாக இருக்கும் காரும் குறைந்துபோன காரும் அந்த வரம்பின் இரண்டு பக்கத்தில் நிற்கின்றன.

மூன்று முதல் பத்து வயது வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயப் பரிசோதனை. நடுவில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிடலாம், நல்ல டயர் மொட்டையாகிவிடலாம். அதனால் மாதம் ஒருமுறை, வண்டி எடுக்கும் முன் டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள். அப்படியே பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதைத் தாண்டிய டயரை, பள்ளம் மிச்சம் இருந்தாலும், ஆண்டுதோறும் கடையில் காட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜொகூரில் விலை குறைவு என்று அங்கே போய் மாற்றுபவர்கள், புதிது என்று கொடுக்கும் டயரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.